சிக்னல் ஃபுல், லைன் மட்டும் இல்லை

பெரம்பலூர் என்று ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் ஒரு மாதிரி சிரிப்பார்கள். "ஓ... 2ஜி ஊரா?" என்பார்கள். தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த ஆ.ராசா எங்கள் மாவட்டத்துக்காரர், பெரம்பலூர் தொகுதியில் மூன்று முறை ஜெயித்தவர். அதனால் வந்த பெயர் இது. 2012 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் வழக்கில் இருந்த எல்லோரையும் விடுதலை செய்தது. சிபிஐயின் மேல்முறையீட்டை 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. அந்தக் கதையை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகப் போவதில்லை.

எனக்கு இருப்பது வேறு சந்தேகம். அந்த உரிமங்களோடு ஆரம்பத்தில் கொடுக்கப்பட்ட அலைக்கற்றை 4.4 மெகாஹெர்ட்ஸ். எத்தனை லட்சம் கோடி என்று டீக்கடை பெஞ்சில் எல்லோரும் பேசினோம். அந்த 4.4-ஐ வைத்து எங்கள் ஊர் டவரில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேச முடியும் என்று யாராவது சொன்னார்களா? நான் கேட்ட வரைக்கும் இல்லை.

ஒரு முன்னெச்சரிக்கை. நான் படிப்பது பி.காம். மூன்றாம் ஆண்டு. எனக்கும் இன்ஜினியரிங்குக்கும் காத தூரம். ஆனால் படிக்கப் படிக்கத் தெரிந்தது, செல்போன் நெட்வொர்க் திட்டமிடுவதில் பாதி வேலை காஸ்டிங் பேப்பர்தான் :-) அதனால் தைரியமாக எழுதுகிறேன். நம்ம கிளாஸ் மக்கள் படித்தால் உங்களுக்கும் புரியும்.

ஒரே பாட்டு, இரண்டு கோயில்

ஆடி மாதம் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ஒரே தெருவில் இரண்டு கோயிலில் மைக் செட் கட்டி இரண்டு அம்மன் பாட்டு ஓடினால் இரண்டுமே காதில் விழாது, வெறும் இரைச்சல்தான். ஆனால் நாலு ஊர் தள்ளி இருக்கிற கோயிலில் அதே பாட்டு ஓடினால் நமக்கு என்ன? அந்தச் சத்தம் நம் ஊரை எட்டுவதற்குள் தேய்ந்துவிடும்.

செல் என்ற ஏற்பாட்டின் அடிப்படையே இதுதான். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டி.எச்.ரிங் என்ற பொறியாளர் ஒரு குறிப்பு எழுதினார். ஊர் முழுக்க ஒரே பெரிய டவர் வைக்காமல், தேன்கூட்டு அறை மாதிரி சின்னச் சின்ன வட்டாரமாகப் பிரி. பக்கத்துப் பக்கத்து வட்டாரத்துக்கு வேறு வேறு அலைவரிசை கொடு. கொஞ்சம் தள்ளிப் போனதும் பழைய அலைவரிசையையே திரும்பக் கொடு. அலைவரிசை வளராது, ஆனால் திரும்பத் திரும்பப் பயன்படும்.

இப்போது நம் 4.4 மெகாஹெர்ட்ஸுக்கு வருவோம். ஜிஎஸ்எம் என்ற 2ஜி முறையில் ஒரு அலைவரிசைக்கு 0.2 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 4.4-ஐ 0.2-ஆல் வகுத்தால் 22. பாடப் புத்தகங்களில் வரும் பழைய கணக்கில் நான்கு டவர் ஒரு குழு. ஒவ்வொரு டவருக்கும் மூன்று பக்கம் ஆன்டெனா. ஆக 12 பங்கு. 22-ஐ 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டுகூட முழுசாகத் தேறாது. போகட்டும், தாராளமாக இரண்டு என்று வைப்போம். ஒவ்வொன்றிலும் எட்டு பேர் நேரத்தைப் பங்கு போட்டுப் பேசலாம். ஆக 16. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கிற வேலைக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் அதில் இரண்டு போய்விடும். மிச்சம் 14.

பதினான்கு பேர்! டவரின் ஒரு பக்கத்தில் இருக்கிற அத்தனை கிராமத்துக்கும் சேர்த்து, ஒரே சமயத்தில் 14 பேர். பதினைந்தாவது ஆள் நம்பரைப் போட்டால் 'டூ டூ டூ' என்று ஒரு சத்தம் வரும். பின்னாளில் இன்னும் நெருக்கமாக அலைவரிசையைத் திரும்பப் பயன்படுத்தும் வித்தைகள் எல்லாம் வந்தன. ஆனால் கணக்கின் வடிவம் இதுதான்.

டென்மார்க்காரர் போட்ட கணக்கு

14 சேனல் என்றால் 14 வாடிக்கையாளரைத்தான் சேர்க்க வேண்டுமா? வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச மாட்டார்கள். அப்படியானால் எத்தனை பேரைச் சேர்க்கலாம்?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் செல்போனையே பார்த்ததில்லை. அக்னர் கிராருப் எர்லாங், டென்மார்க்காரர், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். 1909-லும் 1917-லும் அவர் எழுதிய கட்டுரைகள்தான் இந்தத் துறைக்கு அஸ்திவாரம். 1929-ல் 51 வயதில் இறந்துபோனார். போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு இன்று அவர் பெயர்தான். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க வேலை செய்தால் அது 1 எர்லாங்.

ஒரு ஆள் அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றரை நிமிஷம் பேசுகிறார் என்று வையுங்கள். 90 விநாடியை 3600-ஆல் வகுத்தால் 0.025 எர்லாங். நூறு பேரில் இரண்டு பேருக்கு லைன் கிடைக்காமல் போனால் பரவாயில்லை என்று நாமே ஒத்துக்கொண்டால், எர்லாங் கணக்குப்படி 14 சேனல் தாங்குவது 8.2 எர்லாங். அதாவது சுமார் 328 பேர்.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது அடுத்த விஷயம். அதே 2% தரத்துக்கு:

7 சேனல் இருந்தால் 2.94 எர்லாங், சுமார் 117 பேர்.
14 சேனல் இருந்தால் 8.2 எர்லாங், சுமார் 328 பேர்.
30 சேனல் இருந்தால் 21.9 எர்லாங், சுமார் 876 பேர்.

7-லிருந்து 30-க்குப் போனால் சேனல் நாலு மடங்குக்குச் சற்று அதிகம். ஆனால் ஆட்கள் ஏழு மடங்குக்கு மேல்! 7 சேனல் டவரில் ஒவ்வொரு சேனலும் சராசரியாக 41% நேரம்தான் வேலை செய்யும், மிச்ச நேரம் சும்மா இருக்கும். 30 சேனல் டவரில் 72% நேரம் வேலை நடக்கும். எக்கனாமிக்ஸ் பேப்பரில் 'எக்கனாமிஸ் ஆஃப் ஸ்கேல்' என்று மனப்பாடம் பண்ணினோமே, அதுவேதான்.

இதை எங்கள் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் மொத்தம் 5,65,223 பேர். அரியலூரில் 7,54,894 பேர். சின்ன மாவட்டங்கள், சிதறிக் கிடக்கிற கிராமங்கள். இங்கே சென்னைக்கு நிகரான தரம் கொடுக்க வேண்டுமானால், சென்னையைவிட அதிக நேரம் சேனல்களைச் சும்மா விட்டுவைக்க வேண்டும். சும்மா இருக்கிற மெஷினுக்குச் செலவு செய்ய எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்? கம்பெனிக்காரர் நல்லவரா கெட்டவரா என்பது அப்புறம். கணக்கே முதலில் நமக்கு எதிராகச் சாய்ந்துதான் இருக்கிறது.

நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ்

அந்த 2% எங்கிருந்து வந்தது? அது இயற்கை விதி கிடையாது, மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்தது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-ல் கொண்டுவந்த தர விதிகளில் இது உண்டு. பேச்சு சேனல் நெரிசலால் கிடைக்காமல் போகும் அழைப்புகள் 2%-க்கு மேல் போகக் கூடாது. பேசிக்கொண்டிருக்கும்போது கட் ஆவதற்குத் தனியாக இன்னொரு 2%.

காஸ்டிங்கில் ப்ராசஸ் அக்கவுண்ட் படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். அரியலூர் சிமெண்ட் ஆலையையே எடுத்துக்கொள்வோம். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 டன் சூளையில் வெந்தால் 44 டன் கரியமில வாயுவாகப் போய்விடும், கையில் நிற்பது 56 டன். இது யார் தப்பும் கிடையாது. நார்மல் லாஸ் என்று எழுதிவிட்டு அந்தச் செலவை மிச்சம் உள்ள சரக்கின் மேலேயே ஏற்றிவிடுவோம். அதற்கு மேல் வீணானால்தான் அப்நார்மல் லாஸ். யார் காரணம் என்று கேள்வி வரும்.

நெட்வொர்க்கில் 2% என்பது நார்மல் லாஸ். பூஜ்யம் வேண்டும் என்று கேட்டால் அதற்கு எல்லையில்லாமல் சேனல் போட வேண்டும், பில் நம் தலையில்தான் விழும். அதனால் கொஞ்சம் நட்டத்தை ஒத்துக்கொள்வது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சூளையில் போகும் 44 டன் எல்லாக் கல்லிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. போன் கால் அப்படிப் போவதில்லை. நூறு பேரின் காலில் ஆளுக்கு 2% குறையாது. 98 பேருக்கு முழுசாகக் கிடைக்கும், இரண்டு பேருக்கு முழுசாகப் போகும். அந்த இரண்டு பேர் யார்? எப்போதும் ஒரே ஆட்களா? காஸ்டிங் பேப்பரில் இந்தக் கேள்வியே வராது.

ஒரு ராத்திரி

எனக்கு இந்தக் கேள்வி வந்தது புத்தகத்தால் இல்லை. எங்கள் ஊர் குன்னம் பக்கம் ஒரு கிராமம். 2019-ல் மாரியம்மன் கோயில் தீமிதி அன்று, இருட்டின பிறகு, களத்துப் பக்கம் போன சித்தப்பாவைப் பாம்பு கடித்துவிட்டது. அப்பாவிடம் இருந்தது பழைய பட்டன் போன். 108-க்குப் போட்டார், போகவில்லை. மறுபடி போட்டார், போகவில்லை. மூன்றாவது தடவையும் போகவில்லை. "ஏம்மா, சிக்னல் ஃபுல்லாத்தானே காட்டுது?" என்று என்னிடம் போனை நீட்டினார். ஆமாம், எல்லாக் கோடும் நின்றது. கடைசியில் பக்கத்து வீட்டு அத்தை வேறு கம்பெனி சிம்மில் இருந்து போட்டுத்தான் போனது. சித்தப்பா பிழைத்துக்கொண்டார், இப்போதும் பருத்தி போடுகிறார். அதனால்தான் இதை இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது.

டவரில் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் ரொம்ப நாள் கழித்து இதைக் கேட்டேன். "கோடு ஃபுல்லா காட்டுறது டவர் பக்கத்துல இருக்குன்னுதான் தங்கச்சி. உள்ள எடம் இருக்குன்னு இல்ல" என்றார். டவர் தன்னுடைய இருப்பை அறிவிக்க ஒரு அலைவரிசையை எப்போதும் ஒரே பலத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கும். போன் அளப்பது அதைத்தான். பஸ்ஸின் ஹெட்லைட் பளிச்சென்று தெரிகிறது என்பதால் உள்ளே சீட் காலி என்று அர்த்தமா?

திட்டமிடுகிறவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். சிக்னல் எட்டுகிறதா என்பது ஒன்று, எட்டின இடத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்பது இன்னொன்று. பச்சைமலை அடிவாரத்தில் கோடே இல்லை என்றால் அது முதல் வகை. பஸ் ஸ்டாண்டில் நாலு கோடு இருந்தும் எதுவும் நகரவில்லை என்றால் இரண்டாவது வகை. முதலாவதுக்கு மருந்து புது டவர், அல்லது 700, 900 மெகாஹெர்ட்ஸ் போலத் தூரம் போகிற அலைவரிசை. இரண்டாவதுக்கு மருந்து அதிக அலைவரிசை, அல்லது வட்டாரத்தை இன்னும் சின்னதாகப் பிரிப்பது. நாமோ இரண்டுக்கும் சேர்த்து "டவர் கிடைக்கல" என்று ஒரே வார்த்தை சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. நூற்றுக்கு இரண்டு தவறும் என்ற கணக்கில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தொடர்ந்து மூன்று கால் தவற வாய்ப்பு 1,25,000-ல் ஒன்று. அப்பாவுக்கு அன்றைக்கு நடந்தது அந்த 2% இல்லவே இல்லை. எர்லாங்கின் கணக்கில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. லைன் கிடைக்காதவர் பேசாமல் போய்விடுவார் என்று அது நினைத்துக்கொள்கிறது. எங்கள் ஊரில் யார் பேசாமல் போகிறார்கள்? உடனே ரீடயல்தான்! திருவிழாவுக்கு வந்த ஆயிரம் பேரும் "எங்கே இருக்கே, தேர்முட்டிகிட்ட வா" என்று ஆளுக்கு நாலு தடவை அழுத்தினால், இருக்கும் நெரிசல் இன்னும் பெருகும்.

கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம்

திட்டம் போடுகிறவர்கள் வருஷத்தின் மிக மோசமான மணி நேரத்துக்காக டவர் கட்டுவதில்லை. பல நாள் தரவைப் பார்த்து, தினமும் எந்த ஒரு மணி நேரத்தில் கூட்டம் அதிகமோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் 'பிஸி ஹவர்'. அந்த மணி நேரத்தைத் தாங்கினால் மற்ற 23 மணி நேரமும் தாங்கும்.

அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ஐப்பசி பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு அங்கே கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மறுநாள் போனால் புல்வெளியும் நந்தியும்தான். அந்த ஒரு நாளுக்காக நிரந்தரமாகப் பத்து டவர் கட்டினால் 364 நாள் சும்மா நிற்கும். வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் அண்டா வாங்கியா வைக்கிறோம்? வாடகைக்குத்தானே எடுக்கிறோம். அதே மாதிரி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்துகிற தற்காலிக டவர்கள் உண்டு. பெரிய விழா என்றால் முன்கூட்டியே தெரியும், கொண்டுவந்துவிடலாம். எங்கள் ஊர்த் தீமிதி எந்தத் திட்ட மேஜைக்கும் எட்டாது. சின்ன ஊரின் பெரிய நாள் வெளியே யாருக்கும் தெரியாத நாள்.

பிஸி ஹவர் இடம் மாறிய வருஷம்

2020 ஊரடங்கில் இந்த ஏற்பாடு தலைகீழானது. அதுவரை காலை பத்து மணி என்பது கிராமத்து டவருக்கு ஓய்வு நேரம். வேலைக்காரர்கள் வயலில், படிக்கிறவர்கள் டவுனில். திடீரென்று டவுனில் படித்த, வேலை பார்த்த அத்தனை பேரும் கிராமத்துக்கு வந்துவிட்டார்கள். ஆன்லைன் கிளாஸ் எல்லோருக்கும் அதே பத்து மணிக்கு!

2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கார்டு அறிவித்தது. ஏப்ரல் வரைக்கும், எல்காட் வழியாக. நல்ல திட்டம். அக்கா அப்போது கல்லூரியில், வீட்டில் ரீசார்ஜ் செலவு குறைந்ததில் அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் அந்த 2 ஜிபி பற்றி ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நாலு மணி நேரக் கிளாஸில் 2 ஜிபியைச் செலவழித்தால் விநாடிக்கு ஏறக்குறைய 1.1 மெகாபிட் ஆகும். டவரின் ஒரு பக்கத்தில் மொத்தம் விநாடிக்கு 15 மெகாபிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் (10 மெகாஹெர்ட்ஸ் 4ஜிக்கு இது அநியாயமான அனுமானம் இல்லை), ஒரே நேரத்தில் ஒழுங்காகக் கிளாஸ் பார்க்க முடிந்தவர்கள் 13 பேர்.

கார்டு என்பது ரேஷன் கார்டு மாதிரி. வாங்கும் உரிமையைக் கொடுக்கும். கடையில் அரிசி இருக்கிறதா என்பது வேறு விஷயம். தேவையை ஏற்றிவிட்டோம், கடை அதே கடைதான்.

பழைய 2ஜி பேச்சுக்கும் டேட்டாவுக்கும் நிரம்பும் விதத்தில் வித்தியாசம் உண்டு. பேச்சு ரிசர்வேஷன் பஸ். சீட் தீர்ந்தால் அடுத்தவரை ஏற்ற மாட்டார்கள், ஏறினவர்களுக்குக் கஷ்டமில்லை. டேட்டா ஷேர் ஆட்டோ. எத்தனை பேர் வந்தாலும் "ஒட்டி உக்காருங்க" என்று ஏற்றிக்கொள்ளும். யாரையும் மறுக்காது, ஆனால் யாரும் நிம்மதியாகப் போக முடியாது. அதனால்தான் டேட்டாவில் "கிடைக்கவில்லை" என்று யாரும் சொல்வதில்லை, "சுத்துது" என்கிறோம்.

அப்போது பிள்ளைகள் மொட்டை மாடியிலும் வேப்பமரத்திலும் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அது மூடநம்பிக்கை கிடையாது. சிக்னல் நன்றாக இருந்தால் அதே அலைவரிசையில், அதே நொடியில் அதிக டேட்டா போகும். இரைச்சலுக்கு எதிராக சிக்னல் எவ்வளவு பலமோ அதைப் பொறுத்துத்தான் ஒரு பாதையின் கொள்ளளவு என்று கிளாட் ஷானன் 1948-லேயே எழுதிவிட்டார். டவரின் எல்லையில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒரு பையன், அதே வீடியோவுக்கு டவரின் நேரத்தை அதிகமாகத் தின்பான். அவன் மாடி ஏறினால் அவன் வேலை சீக்கிரம் முடியும், மிச்ச நேரம் மற்ற 12 பேருக்கும் கிடைக்கும். மரம் ஏறினவன் ஊருக்கே உபகாரம் செய்தான் என்று சொல்லலாம் :-)

சராசரிக்குள் ஒளிந்த ஊர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த 2%-ஐ எங்கே அளப்பது?

டவர் டவராகத்தானே என்று நான் நினைத்தேன். 2017 வரைக்கும் கால் கட் ஆகும் விகிதத்தை ஒரு கம்பெனிக்கு, ஒரு சேவைப் பகுதி முழுக்க, ஒரு மாதச் சராசரியாகப் பார்த்தார்கள். நமக்குச் சேவைப் பகுதி தமிழ்நாடு. சென்னையும் குன்னமும் ஒரே கூட்டலில்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரே அளவு போக்குவரத்து உள்ள 100 செல். 90-ல் 1% கட் ஆகிறது. 10-ல் 10% கட் ஆகிறது. சராசரி என்ன? 1.9%. பாஸ்! அந்தப் பத்து செல்லில் வசிப்பவர்களுக்குப் பத்தில் ஒரு கால் அறுகிறது. ஆனால் பேப்பரில் எல்லாம் விதிக்குள் இருக்கிறது. நம் கிளாஸ் ஆவரேஜ் 70 என்பதால் எல்லோரும் பாஸ் என்று சொல்ல முடியுமா?

டிராய்க்கும் இது புரிந்தது. 2015-ல் ஒரு முயற்சி நடந்தது. கட் ஆகும் ஒவ்வொரு காலுக்கும் 1 ரூபாய், நாளைக்கு அதிகபட்சம் மூன்று, 2016 ஜனவரியிலிருந்து வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 2016 மே 11-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2% வரை கட் ஆகலாம் என்று ஒரு விதி அனுமதிக்கும்போது, அந்த வரம்புக்குள் இருப்பவரிடமும் பணம் வாங்குவது எப்படி நியாயம் என்பது தீர்ப்பில் வந்த வாதங்களில் ஒன்று. நார்மல் லாஸுக்கு அபராதம் போட முடியாது, அவ்வளவுதான். காஸ்டிங் வாத்தியார் சொல்வதை நீதிமன்றமும் சொன்னது.

2017 அக்டோபரிலிருந்து அளக்கும் விதத்தையே மாற்றினார்கள். 90% செல்கள், 90% நாட்களில், 2%-க்குள் இருக்க வேண்டும். கூடவே 97% செல்கள், 90% நாட்களில், 3%-க்குள் இருக்க வேண்டும். கேட்க ஏதோ புள்ளியியல் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் என் கற்பனைக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். முதல் நிபந்தனையில் மயிரிழையில் தப்பிக்கும், இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். சராசரியில் காணாமல் போன பத்து செல்கள் வெளியே தெரிகின்றன. ஒரு வரி ஃபார்முலா மாறியதில் பத்து ஊர் வரைபடத்துக்கு வந்துவிட்டது. 2024-ல் வந்த புது விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. காலாண்டுக்கு ஒரு முறை பார்த்ததை மாதாமாதம் பார்ப்பது, எங்கெங்கே சேவை உண்டு என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிடுவது, இரண்டும் கட்டாயம் ஆயின.

97% போக மிச்சம் 3% இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதே கேள்விதான் எனக்கும். அந்த மூன்று செல்லும் வருஷா வருஷம் அதே மூன்று செல்லாக இருந்தால் அதை நார்மல் லாஸ் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எல்லோருக்கும் மாறி மாறி வந்தால் அது நட்டம். ஒரே ஊருக்கு வந்துகொண்டே இருந்தால் அது அந்த ஊரை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் சும்மா திட்டுவதைவிட உருப்படியான சில வேலைகள் உண்டு.

முதலில், கோடு இல்லையா, கோடு இருந்தும் லைன் இல்லையா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டும் வேறு நோய். இரண்டாவது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் தெரு என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். "எப்பவுமே கிடைக்காது" என்ற புகாரை வைத்து எந்த இன்ஜினியரும் எதுவும் செய்ய முடியாது. "தினமும் ராத்திரி 8-லிருந்து 9 வரை, கோயில் தெருவில்" என்றால் அது ஒரு செல்லின் ஒரு மணி நேரம், அவர்கள் கம்ப்யூட்டரில் அப்படியே பார்க்கலாம். மூன்றாவது, கம்பெனி புகார் மையத்தில் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் தனிநபர் புகாரைத் தானே விசாரிப்பதில்லை, நேராக அங்கே எழுதி ஏமாற வேண்டாம். வரைபடத்தில் உங்கள் ஊர் பச்சையாக இருந்து கையில் உள்ள போன் வேறு கதை சொன்னால், அதையும் புகாரில் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்வதும் நல்லது. இது என் பாட்டி பாஷையில் சொன்னால், எல்லா நெல்லையும் ஒரே குதிரில் கொட்டாதே.

எங்கள் ஊரிலிருந்து அப்படி ஒரு வாரக் குறிப்பு எழுதிப் புகார் எண்ணும் வாங்கியாகிவிட்டது. மொத்தம் 31 கால், தேதி, மணியோடு. எழுதியதில் பாதி அம்மாவின் கையெழுத்து. இந்த வருஷத் தீமிதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு தற்காலிக டவர் கேட்டும் எழுதப் போகிறோம். தருவார்களா தெரியாது. கேட்காத ஊரின் பெரிய நாள் அவர்கள் காலண்டரில் வராது என்பது மட்டும் தெரியும்.